இட்லிக் கணக்கும் இணையதளக் கணக்கும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பி.எஸ்சி. ஐ.டி. முடித்து அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் இருந்தேன்; ஆட்குறைப்பில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இனித் தனியாக இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முதல் வேலை தானாகவே வந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் தோல் பைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்கிறார். எட்டுப் பக்கம், முப்பது பைகளின் படம், விலை. என் அப்பா அவருடைய பட்டறையில் பத்து வருடம் தோல் வெட்டியவர். "எவ்வளவு ஆகும் என்று கூச்சப்படாமல் சொல்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக வந்துவிட்டேன். டொமைனுக்கு (தளத்தின் முகவரி) 900, ஓராண்டு ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வைக்கும் இடத்துக்கு வாடகை) 3,000, தீமுக்கு (ஆயத்த வடிவமைப்பு) 4,000, ஆக மொத்தம் 7,900 ரூபாய் செலவு. மேலே கொஞ்சம் வைத்து 12,000 கேட்கலாமா? அதிகம் என்று நினைத்துவிடுவாரோ?
- பெயர் வேண்டாம், தாராவி

பதில்: தம்பி, உங்கள் கணக்கை மூன்று முறை படித்தேன். டொமைன் இருக்கிறது, ஹோஸ்டிங் இருக்கிறது, தீம் இருக்கிறது. உங்களைத்தான் காணவில்லை.

நானும் தாராவிக்காரிதான். என் அம்மா இட்லி அவித்துக் கொடுத்தவர். சைக்கிளில் இட்லி விற்பவர்கள் விடிவதற்குள் வந்து வாங்கிக்கொண்டு மாட்டுங்கா, தாதர், பரேல் என்று பிரிந்துபோவார்கள். அம்மாவிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. அரிசி, உளுந்து, மண்ணெண்ணெய், அரைவைக் கூலி எல்லாம் எழுதி, வரவில் கழித்து, மிச்சத்தை 'லாபம்' என்று எழுதுவார். மூன்று மணிக்கு எழுந்தது, இட்லித் துணியை மாற்றி மாற்றிச் சூட்டில் நின்றது எதற்கும் அந்த நோட்டில் இடம் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். நாளுக்கு 40 ரூபாய் கேட்டார். அம்மா நோட்டில் 'கூலி 40' என்று எழுதினார். லாபம் என்ற இடத்தில் அன்றைக்கு ஏழு ரூபாய் நின்றது. அந்தப் பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வாரம் நூறு இட்லிக்கு ஐந்து ரூபாய் ஏற்றினார். இரண்டு சைக்கிள்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் கதையை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியும் 2002இல் என் முதல் வேலைக்கு விலை சொன்னபோது புத்தி வரவில்லை. மஸ்ஜித் பந்தர் பக்கம் ஓர் ஏற்றுமதி அலுவலகம். ஆறு பக்கம் என்றார்கள். வாய்க்கு வந்தபடி 5,000 என்றேன். உடனே சரி என்றார்கள். அவ்வளவு வேகமாகச் சரி என்றால் விலை தப்பு என்பது அப்போது தெரியாது. படங்களைக் காகித உறையில் போட்டுத் தந்தார்கள். கடையில் கொடுத்து ஸ்கேன் செய்தது என் காசு. செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் பதினோரு முறை போய் வந்தேன். ஆறு பக்கம் ஒன்பதாயிற்று. முதலாளியின் மைத்துனர் ஒருநாள் வந்து, முகப்பில் உலக உருண்டை சுற்றவேண்டும் என்றார். சுற்றவைத்தேன். மெதுவாகச் சுற்றவேண்டும் என்றார். அதையும் செய்தேன். நான்கு மாதம் கழித்துத் தளம் இணையத்தில் ஏறியது. கடைசி 2,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். முதலில் ஒரு மாதத்துக்கு உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். நான் ஊகமாக ஒன்று போடுகிறேன், நீங்கள் உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொடுப்பது 18,000. இன்டர்நெட், கைபேசி 1,200. ரயில் சீசன், டீ, சாப்பாடு 2,500. 60,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருடம் உழைக்கும் என்றால் மாதம் சுமார் 1,700. நோய்நொடிக்கும் வேலை இல்லாத மாதத்துக்கும் ஒதுக்குவது 6,000. துணிமணி, சினிமா, சொந்தச் செலவு 6,600. மொத்தம் 36,000.

இதை மாதத்தின் வேலை நாள்களால் வகுத்துவிடாதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதத்தில் பாதி நாள் ஆள் தேடவும், பேசவும், பணம் கேட்டு நடக்கவும் போய்விடும். கூலி வரும் நாள் பன்னிரண்டு இருந்தாலே பெரிது. நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 72 மணி. 36,000ஐ 72ஆல் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். இதுதான் உங்கள் கூலி. பந்தாவுக்குச் சொல்லும் எண் இல்லை. இதற்குக் கீழே போனால் வீட்டிலிருந்து பணம் போட்டுத் தொழில் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, அண்ணாச்சியின் வேலைக்கு எத்தனை மணி நேரம்? உட்கார்ந்து பேசித் திட்டமிட 6. வடிவமைக்க 14. தளத்தைக் கட்ட 20. முப்பது பைகளை ஏற்ற 8. விதவிதமான கைபேசிகளில் திறந்து பார்த்துச் சரிசெய்ய 5. திருத்தங்களுக்கு 10. அண்ணாச்சியின் மகனுக்கு விலை மாற்றக் கற்றுக்கொடுக்க 3. கூட்டினால் 66. மறந்துபோனவற்றுக்காக இதில் கால்பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். மறந்துபோனது கட்டாயம் இருக்கும். 82 மணி என்று வையுங்கள். 500ஆல் பெருக்கினால் 41,000.

மயக்கம் வருகிறதா? நீங்கள் போட்ட 12,000த்தில் செலவு போக நிற்பது 4,100. அதை 82 மணியால் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். அந்தக் கூலிக்கு அப்பா தோல் வெட்டுவாரா என்று இன்றிரவு கேட்டுப்பாருங்கள்.

ஆனால் சின்னக் கடைக்காரர் 41,000 தருவாரா என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலும் மாட்டார். அப்போது 41ஐ 15 ஆக்கக் கூடாது. அப்படி ஆக்கினால், முதலில் ஏமாற்றப் பார்த்தாய் என்றுதான் எவரும் நினைப்பார். வேலையைச் சிறிதாக்குங்கள். எட்டுப் பக்கத்தை ஐந்தாக்குங்கள். முப்பது பை வேண்டாம், நன்றாக ஓடும் பத்துப் பை போதும். வாங்க நினைப்பவர் அழுத்தினால் அண்ணாச்சியின் வாட்ஸ்அப்புக்குப் போகும் ஒரு பொத்தான். இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இலவசமாகவே நல்ல தீம்கள் கிடைக்கின்றன, ஆகவே அந்த 4,000மும் வேண்டாம். இப்போது கணக்கு: பேச 3, தீமை மாற்றி அமைக்க 10, படங்களுக்கு 3, கைபேசிச் சோதனை 3, திருத்தம் 5, கற்றுக்கொடுக்க 2. மொத்தம் 26, கால்பங்கு சேர்த்து 32 மணி. 16,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை இரண்டு விலையையும் சொல்லுங்கள். எது வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் ஒரு நிமிடம் கூரையைப் பார்ப்பார். அந்த நிமிடத்தில் "வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்று உங்கள் வாய் தானாகத் திறக்கும். டீயைக் குடியுங்கள்.

படங்களை யார் எடுப்பது என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. தோல் பையைப் படம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. டியூப்லைட்டுக்குக் கீழே கறுப்புப் பையின் தையல் தெரியாது. பழுப்புப் பையில் விளக்கு வெள்ளைப் பட்டையாக விழும். முன்பக்கம், உள்பக்கம், வார் என்று பைக்கு மூன்று படம் எடுத்தால் முப்பது பைக்குத் தொண்ணூறு. கடைப் பையன் கல்லாப்பெட்டி மேல் வைத்து, பின்னால் நாள்காட்டி தெரிய எடுத்து அனுப்புவான். அதைச் சுத்தம் செய்ய உங்களுக்கு இரண்டு இரவு போகும். நீங்கள் எடுப்பதானால் தனிக் கூலி. அவர்கள் எடுப்பதானால், ஜன்னல் பக்கம் வெள்ளைத் துணி விரித்துப் பகல் வெளிச்சத்தில் எப்படி எடுப்பது என்று ஒரு பையை வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் விலைக்குள் வரவே கூடாது. அண்ணாச்சியின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கார்டில் வாங்குங்கள். உங்கள் பெயரில் இருந்தால் பிடி உங்கள் கையில் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது கெட்ட பழக்கம். சயானில் ஒரு கடையின் டொமைனை வாங்கிக்கொடுத்தவர் துபாய் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் அவருக்கே போயின. ஒரு காலையில் கடையின் முகவரியைத் திறந்தால் வேறு எவரோ விளம்பரம் போட்டிருந்தார்கள். இன்னொன்று, முதல் ஆண்டு விலையும் இரண்டாம் ஆண்டு விலையும் ஒன்றாக இருக்காது. புதுப்பிக்கும்போது கூடும் என்பதை இப்போதே சொல்லிவிட்டால் அடுத்த வருடம் உங்கள் மேல் பழி விழாது.

பேசி முடிந்ததும் அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்: "அண்ணாச்சி, வணக்கம். ஐந்து பக்கம், பத்துப் பைகளின் படம், வாட்ஸ்அப் பொத்தான். என் கூலி 16,000. டொமைன், ஹோஸ்டிங் செலவு தனி, உங்கள் பெயரில். பாதி முன்பணம், தளத்தைச் சோதனை முகவரியில் காட்டியதும் கால்பங்கு, ஏற்றுவதற்கு முன் மீதி. படங்களும் எழுத்தும் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரம். இரண்டு முறை திருத்தம் இதில் அடங்கும். அதற்கு மேல் மணிக்கு 500." அவர் 'சரி' என்று ஒரு சொல் திருப்பி அனுப்பும்வரை லேப்டாப்பைத் திறக்காதீர்கள். 'கைக்கு வந்த நாளிலிருந்து' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு நான்கு வரி எழுதித் தர அண்ணாச்சிக்கு ஆறு வாரம் ஆகும். நான் பார்த்தவரையில் இணையதள வேலையில் பெரும்பகுதி காத்திருப்புதான்.

அப்பாவின் பத்து வருடம் இருக்கிறதே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று உங்கள் மனம் அரிப்பது தெரிகிறது. சேர்க்கலாம், பில்லில் தெரியும்படி. கூலி 16,000, கழிவு 3,000, தரவேண்டியது 13,000. மூன்று வரி. வெறும் 13,000 என்று எழுதினால், அடுத்த மாதம் அவர் அனுப்பிவைக்கும் பெல்ட் கடைக்காரருக்கு அதுவே உங்கள் விலை. அவர் அதிலிருந்து பேரம் தொடங்குவார்.

கேள்வி: வாடிக்கையாளர் "ஜிஎஸ்டி பில் கொடுங்கள்" என்கிறார். பதிவு எதுவும் இல்லை. 18 சதவீதம் சேர்த்து வாங்கிவிடலாமா?
- வாசகி, முலுண்ட்

பதில்: கூடாது. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை மகாராஷ்டிரத்தில் பதிவு கட்டாயமில்லை. "பதிவு பெறாதவர், ஜிஎஸ்டி பொருந்தாது" என்று பில்லின் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தால் பதறாதீர்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் அந்தத் தொகை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் பணம்தான், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். தெரியாவிட்டால்தான் சண்டை போடவேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதி முருகன் கோயில் குழு முழுக்கத் தமிழில் ஒரு தளம் கேட்கிறது. ஆங்கிலத் தளத்துக்கு வாங்கும் விலையையே சொல்லலாமா? கோயில் என்பதால் குறைக்கவேண்டுமா?
- வாசகர், செம்பூர்

பதில்: குறைப்பது உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலான விஷயம், நான் வரவில்லை. ஆனால் மணிக்கணக்கைக் கூட்டித்தான் போடவேண்டும். தமிழ்த் தளம் அதிக நேரம் தின்னும்.

முதல் காரணம், உங்களுக்கு வரப்போகும் எழுத்து. கோயில் மலரைக் கணினியில் அச்சுக்கோத்த டிடிபி கடையிலிருந்து கோப்பு வரும். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்தே தீரவேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், ஸ்ரீ எங்காவது உடைந்திருக்கும். நாற்பது பக்க மலருக்கு நான் இரண்டு நாள் ஒதுக்குவேன்.

இரண்டாவது, நம் சொற்களின் நீளம். ஆங்கிலத்தில் ஆறேழு எழுத்தில் அடங்கும் மெனுச் சொல், தமிழில் 'திருவிழா நிகழ்ச்சிகள்', 'நன்கொடையாளர்கள்', 'தொடர்புகொள்ள' என்று விரியும். தீம் செய்தவர் இதை நினைத்துச் செய்திருக்க மாட்டார். கைபேசியில் பொத்தானுக்கு வெளியே 'கள்' மட்டும் தனியாகத் தொங்கும். வரி இடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு வைத்ததை அப்படியே விட்டால் மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கி'யும் இடித்துக்கொள்ளும். நான் எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வைப்பேன். எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் மூன்றும் இலவசம். பெரியவர்கள் படிக்கும் தளம் என்பதால் அளவைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

என் கணக்கில் ஆங்கிலத் தளத்துக்கு 30 மணி என்றால் தமிழுக்கு 40. குழுவில் ஏழு பேர் இருப்பார்கள், ஏழு பேரும் திருத்தம் சொல்வார்கள். "ஒருவர் மட்டும் தொகுத்துச் சொல்லவேண்டும்" என்று முதலிலேயே பெயர் கேட்டு வாங்கிவிடுங்கள். கோயில் விமானத்தின் நிறம் பற்றி நான் மூன்று வாரம் அலைந்திருக்கிறேன்.

கேள்வி: லோயர் பரேலில் ஒரு நிறுவனத்துக்குத் தளம் முடித்துக் கொடுத்தேன். 28,000 ரூபாய் பாக்கி. நான்கு மாதமாக வாட்ஸ்அப்பில் கேட்கிறேன், நீல டிக் மட்டும் வருகிறது. கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தளத்தை முடக்கிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், தானே

பதில்: நண்பர்கள் வழக்குக்குக் கூட வரமாட்டார்கள். அனுமதியில்லாமல் உள்ளே போய் முடக்கினால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நீங்கள் குற்றவாளி ஆகலாம். பாக்கி வைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார். கடவுச்சொல்லைத் தொடாதீர்கள்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்களைப் போன்ற தனி ஆள் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். முடித்த வேலையைப் பெற்றுக்கொண்ட வாடிக்கையாளர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும்; ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதியிருந்தாலும் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கேட்டு வாங்க மாநில அரசு அமைத்த மன்றமும் இருக்கிறது. ஆனால் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் பதிந்திருக்கவேண்டும். ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அது போலித் தளம். வேலைக்கு முன்பே பதிந்திருந்தால் வழக்கு பலமாக நிற்கும், ஆகவே அடுத்த வேலைக்காகவாவது இன்றே பதிந்துவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு ஒன்று. வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர் யார் என்று விசாரியுங்கள். முதலாளியிடம் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்; கணக்குப் பிரிவில் இருப்பவர் பில் எண்ணைக் கேட்பார். உங்கள் கடிதம் இரண்டு பக்கம். எத்தனை முறை அழைத்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் எல்லாம் தேதியோடு இருக்கிறது. பில் அனுப்பியதாக மட்டும் எங்கேயும் இல்லை. அனுப்பினீர்களா?